நெருக்கிய பனியும் நிமிர்ந்த கலமும்

கடலோடு தொடர்புடைய சமுதாயம் நம்முடையது. மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் கூறுவோர் பலர். கப்பலைத் திருப்பும் கருவிக்கு வழங்கும் 'சுக்கான்' என்ற சொல்லும், கப்பலோட்டியைக் குறிக்கும் 'மாலுமி' என்ற சொல்லும் அரபு மொழியிலிருந்து கடல்வழியே வந்து தமிழாகிவிட்டவை. ஆயினும், நாம் அறிந்த கடல் அலையடிக்கும் கடல். புயலில் பொங்கும் கடல். அலை ஓய்ந்து, நீர் இறுகிப் பாறையாகி, நடுவே அகப்பட்ட கப்பலை முட்டை ஓட்டினைப் போல் நொறுக்கிவிடும் கடலொன்று உலகின் வடமுனையில் உண்டு. அக்கடலுக்குள் தானாகவே புகுந்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் பனிச்சிறையில் இருந்து, உடையாமல் மீண்டுவந்த ஒரு கப்பலை நேரில் காணும் பேறு எனக்குக் கிட்டியது. அக்கப்பல் எனக்கு உணர்த்தியவற்றை நம் மாணவச் செல்வங்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இரவு சுருங்கிய ஊர்

நார்வே நாட்டின் தலைநகர் ஆஸ்லோ. என் தங்கையும் அவள் கணவரும் பணியின் பொருட்டு அங்குக் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. கோடை விடுமுறையில் அவர்களைக் காணச் சென்றிருந்தேன். மே மாதத்தின் இறுதி நாட்கள் அவை. மஃரிபுத் தொழுகைக்காக இரவு பத்து மணிக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. தொழுது முடித்துச் சற்றே கண்ணயர்வதற்குள் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிவிடும்.

இவ்வியப்பு நம்மவர்க்குப் புதியதன்று. அப்பாஸியக் கலீஃபா அல் முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவராக 921ஆம் ஆண்டு பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு ஃபத்லான், 922இல் வோல்கா ஆற்றங்கரையிலிருந்த பல்கார் நாட்டை அடைந்தார். மாலையில் அடுப்பிலேற்றிய பானை கொதிப்பதற்குள் வைகறைத் தொழுகையின் நேரம் வந்துவிடும் அளவுக்கு அங்கு இரவு குறுகியது என்ற செய்தியை அவர் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் வியந்ததை நானும் ஒரு சாளரத்தின் அருகே அமர்ந்து வியந்துகொண்டிருந்தேன்.

அத்தகைய வெளிச்ச இரவொன்றில் என் தங்கை மனம் திறந்து பேசினாள். "காக்கா, பிள்ளை என்னோடு தமிழில் பேசத் தொடங்குகிறான், பாதி வாக்கியத்தில் இந்நாட்டு மொழிக்குத் தாவிவிடுகிறான். பள்ளி, தோழர்கள், தெரு, கடை எல்லாம் அவனை ஒருபக்கமாக இழுக்கின்றன. கண்டித்தால் வாயையே மூடிக்கொள்கிறான். விட்டுவிட்டால் நம் மொழியும் நம் பழக்கமும் கரைந்து போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். எதிர்த்து நிற்பதா, இணங்கிப் போவதா? நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றாள். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் தமிழ் கற்பித்து வருபவனுக்கும் அக்கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. மறுநாள் மருமகனை அழைத்துக்கொண்டு, நகரமன்றத் துறையிலிருந்து சிறு பயணப்படகு ஏறிப் பிக்டோய் தீபகற்பத்திற்குச் சென்றேன்.

மூழ்கிய கப்பல் தந்த பாடம்

ஃப்ராம் அருங்காட்சியகம் கடற்கரையை ஒட்டி நிற்கிறது. இருபுறமும் தரைவரை சரிந்திறங்கும் கூரையுடன், மாபெரும் கூடாரம் போல் தோன்றும் கட்டடம். உள்ளே நுழைந்ததும் கண்முன் எழுவது கப்பலின் பாவை அன்று; கப்பலே நிற்கிறது. அதனைச் சுற்றி எழுப்பப்பட்ட இல்லமே அக்கட்டடம். 'ஃப்ராம்' என்றால் நார்வே மொழியில் 'முன்னோக்கி' என்று பொருள்.

இக்கப்பலின் கதை இன்னொரு கப்பலின் அழிவிலிருந்து தொடங்குகிறது. 1879இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவம் நாடிச் சென்ற 'ஜானெட்' என்னும் கப்பல் பனியில் சிக்கி, 1881ஆம் ஆண்டு ஜூன் மாதம் சைபீரியாவுக்கு வடக்கே நொறுங்கி மூழ்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1884இல், உலகின் மறுபக்கமான கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் அக்கப்பலின் சில பொருள்கள் பனிப்பாளத்தோடு ஒதுங்கின. அவை அங்கு எவ்வாறு வந்திருக்கக்கூடும்? வடதுருவத்துப் பனி அசையாத நிலமன்று, அது ஒரு பெரும் ஆற்றைப் போல் மெல்ல நகர்கிறது என்று வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் கருதினார். அவர் எழுதியதைப் படித்த இளைஞர் ஒருவர், "அப்பனி ஆறு பொருள்களைச் சுமந்து வருமானால் ஒரு கப்பலையும் சுமக்கலாமன்றோ" என எண்ணினார். அவரே ஃப்ரிட்யோஃப் நான்சென். பிறர் கப்பலின் சாவைக் கண்ட இடத்தில் அவர் ஒரு பாதையைக் கண்டார்.

அறிந்தே ஒரு கப்பலைப் பனியில் சிறைப்படுத்துவது என்னும் அவர் திட்டத்தைத் துருவப் பயண அனுபவமுடையோரே எதிர்த்தனர். பனியில் பெருந்துயர் கண்டு மீண்ட அமெரிக்கரான அடால்ஃபஸ் கிரீலி கடுமையாகச் சாடினார். மரக்கலம் சமைத்த நூஹ் நபி (அலை) அவர்களை அவர்தம் கூட்டத்தார் எள்ளி நகையாடிய செய்தியைத் திருமறையில் பயின்றவர்களுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. நபிமார்களின் நிலை வேறு. மனித முயற்சியின் நிலை வேறு. எனினும், கப்பல் கட்டுகிறவனைக் கரையில் நின்று நகைப்போர் எக்காலத்தும் உளர் என்பது மட்டும் உண்மை.

உருண்ட வயிறும் உயரும் உடலும்

கப்பலைக் கட்டியவர் காலின் ஆர்ச்சர். ஸ்காட்லாந்திலிருந்து நார்வேக்குக் குடியேறிய பெற்றோர்க்கு லார்விக் நகரில் 1832இல் பிறந்தவர். இச்செய்தியை அறிந்தபோது என் தங்கையின் முகம் என் நினைவில் எழுந்தது. குடியேறி வந்தோரின் பிள்ளையே அந்நாட்டின் புகழ்மிக்க கப்பலை வடித்தவர்!

1892ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் லார்விக்கில் ஃப்ராம் நீரில் இறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 39 மீட்டர். அகலம் 11 மீட்டர். நீளத்தைக் கருதினால் இது மிகுந்த அகலமே. கப்பலின் அடிப்பகுதியைச் சுற்றி நடந்து பார்த்தேன். கூர்மையும் தட்டையும் இன்றிப் பலாக்கொட்டை போல் உருண்டிருந்தது. இதுவே அக்கப்பலின் உயிர்நிலை. பக்கங்கள் நேராக நின்றால் பனி அவற்றைப் பற்றி நெரிக்கும். உருண்டிருந்தாலோ, இருபுறமும் நெருக்கும் பனி பிடிப்பின்றி நழுவிக் கப்பலின் அடியில் புகுந்து, அதனை மேலே தூக்கிவிடும். நெருக்கும் ஆற்றலையே உயர்த்தும் ஆற்றலாக மாற்றிக்கொள்ளும் சூழ்ச்சி அது.

வடிவம் மட்டுமே போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வங்குகளுக்குப் பயன்பட்ட ஓக் மரம் முப்பது ஆண்டுகள் கிடங்கில் கிடந்து பதப்பட்டது. பல அடுக்காகப் பலகை வேய்ந்து பக்கச்சுவரின் கனத்தை 60 முதல் 70 செண்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தனர். பனியை எதிர்கொள்ளும் அணியத்தில் அக்கனம் ஒரு மீட்டரையும் விஞ்சியது. எல்லாவற்றுக்கும் வெளியே 'கிரீன்ஹார்ட்' என்னும் வைரமரத் தோலொன்று. பனி அத்தோலை உரித்தெடுத்தாலும் உள்ளுடல் ஊறுபடாதவாறு அதனைத் தனியாகப் பொருத்தியிருந்தனர். சுக்கானையும் உந்துவிசிறியையும் பனி தாக்காதபடி மேலே இழுத்துக்கொள்ளவும் வழி செய்திருந்தனர். எதனை இழக்கலாம், எதனை உள்ளிழுத்துக் காக்க வேண்டும், எதனை ஒருபோதும் விட்டுக்கொடுக்கலாகாது என்று முன்கூட்டியே வகுத்த திட்டம் அது.

இவ்வடிவத்திற்கு ஒரு விலையும் இருந்தது. உருண்ட அடியையுடைய கப்பல் திறந்த கடலில் மிகுதியாக உருளும். பயணிகளின் குடலைப் புரட்டும். பனிக்காகவே வடிக்கப்பட்ட கலம் அலையில் துன்புற்றது. எல்லாச் சூழலுக்கும் ஏற்ற ஒரே வடிவம் என ஒன்று இல்லை போலும்.

மருமகன் ஒவ்வோர் உறுப்பாகக் காட்டி, "மாமா, இதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்கத் தொடங்கினான். அடிமரம் 'ஏரா', விலா எலும்புகள் போன்றவை 'வங்கு', முன்புறம் 'அணியம்' என்று நான் கூறினேன். சுக்கானைக் கண்டதும் அவன் முந்திக்கொண்டு, "இங்கே இதனை ரூர் என்போம்" என்றான். அவன் அவர்கள் சொல்லைத் தந்தான். நான் நம் சொல்லைத் தந்தேன். சுக்கான் என்பதே அரபுநாட்டிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கிவிட்ட விருந்தாளி என்று சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுவதும் அவன் தமிழை விட்டு விலகவில்லை.

பதின்மூவர் வாழ்ந்த பனிவீடு

1893ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் அன்றைய கிறிஸ்தியானியாவிலிருந்து, பதின்மூவரின் பயணத்திற்காக ஃப்ராம் புறப்பட்டது. கப்பல் தலைவர் ஆட்டோ ஸ்வெர்ட்ரூப். செப்டம்பர் இறுதியில் அது பனியில் உறைந்தது. அதன்பின் காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்பில் பனியோடு நகர்வதே பயணம்.

கப்பலின் மேல்தளத்தில் நின்று, பின்னர்க் குனிந்து கீழே இறங்கினேன். நடுவே ஒரு பொதுக்கூடம். அதனைச் சூழ்ந்து சின்னஞ்சிறு உறங்கறைகள். குளிர் புகாமலிருக்கக் கம்பளியும் தக்கையும் கலைமான் உரோமமும் சுவர்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. மேல்தளத்தில் ஒரு காற்றாலை நிறுத்தி மின்விளக்கு ஏற்றினர். மாதக்கணக்கில் கதிரவன் தோன்றாத இருளில் அவர்கள் நூல்கள் படித்தனர், இசைத்தனர், தமக்கெனக் கப்பலிலேயே ஓர் இதழும் நடத்தினர். கடலின் ஆழம், நீரின் வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றைத் தவறாது அளந்து குறித்தனர். துருவக் கடல் ஆழமற்றது என்ற அந்நாளைய கருத்து பிழை என்பது அவ்வளவைகளால் தெளிவாயிற்று.

1895 சனவரியில் பனி கடுமையாக நெருக்கியது. கப்பலைக் கைவிட்டு வெளியேறவும் ஆயத்தமாயினர். கப்பல் தாங்கி நின்றது. அதே ஆண்டு மார்ச் 14ஆம் நாள், நான்செனும் யால்மர் யோஹான்செனும் நாய்வண்டிகளோடு பனிமேல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டனர். 86 பாகை 14 கலை வரை சென்றனர்; அதுவரை எவரும் எட்டாத வடக்கு அது. மேலே செல்ல இயலாதெனக் கண்டதும் திரும்பினர். ஃப்ரான்ஸ் யோசேஃப் நிலத்தில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குடிலில் ஒரு நெடுங்குளிர்காலத்தைக் கழித்தனர். அவ்வளவு நெருக்கத்திலும் இருவரும் ஒருவரையொருவர் மரியாதைச் சொல்லாலேயே விளித்து வந்தனர் என்றும், புத்தாண்டு இரவில்தான் 'நீ' என்று அழைக்க இசைந்தனர் என்றும் கூறுவர். முன்னிலைப் பெயரின் நுட்பங்களை மாணவர்க்கு விளக்கும் எனக்கு அச்செய்தி மிகவும் இனித்தது.

1896 ஆகஸ்டில் ஃப்ராம் பனியிலிருந்து விடுபட்டது. அம்மாதத்திலேயே இருவரும் ஏனையோரும் நார்வே மண்ணில் மீண்டும் ஒன்றுகூடினர். பதின்மூவரும் உயிரோடு திரும்பினர். துருவப் பயண வரலாற்றில் இஃது எளிய செய்தியன்று.

கேட்டறிந்த கப்பல்

அருங்காட்சியகத்தில் இன்னொரு கப்பலும் இருக்கிறது. 'யோவா' என்னும் சிறுகலம் அது, 1872இல் கட்டப்பட்டது, ஃப்ராமின் அருகில் குழந்தை போல் தோன்றுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்கே பசிபிக்கை அடையும் வடமேற்குக் கடல்வழியை முதன்முதலாக ஒரு கப்பலில் கடந்தவர் ரோஆல்ட் அமுண்ட்சென். அவர் அறுவரோடு 1903 முதல் 1906 வரை இக்கலத்தில் பயணம் செய்தார்.

அதே வழியைத் தேடி 1845இல் இங்கிலாந்திலிருந்து சென்ற சர் ஜான் ஃபிராங்க்ளினின் இரு பெரிய கப்பல்களில் 129 பேர் அழிந்தனர். அவர்களுக்கு நேர்ந்ததை அப்பகுதியின் பழங்குடிகளான இனூயிட் மக்களிடம் கேட்டறிந்து 1854இல் ஜான் ரே எடுத்துரைத்தபோது, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸே அம்மக்களின் சொல்லை நம்பலாகாது என்று எழுதினார். ஆனால் அவர்கள் வாய்மொழியாகக் காத்துவந்த நினைவுகள் வழிகாட்ட, அவ்விரு கப்பல்களும் 2014இலும் 2016இலும் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன.

அமுண்ட்செனோ, கிங் வில்லியம் தீவில் இரு குளிர்காலங்கள் தங்கி, நெட்சிலிக் இனூயிட் மக்களிடம் மாணவராகப் பயின்றார். தோலாடையை உடலோடு ஒட்டாமல் தளர்வாக அணிவது, நாய்வண்டி ஓட்டுவது, பனியால் வீடு கட்டுவது ஆகியவற்றை அவர்களிடம் கற்றார். பின்னர் அவர் ஃப்ராம் கப்பலில் தென்திசை சென்று, 1911 டிசம்பர் 14ஆம் நாள் நால்வரோடு தென்துருவத்தை முதலில் எட்டியபோது, அக்கல்வியும் உடன் சென்றது.

யோவாவின் முன் நின்றபோது எங்கள் துறை மாணவர் ஒருவரை எண்ணிக்கொண்டேன். கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்தவர். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை. "வீட்டில் படித்தவர் எவரும் இல்லை ஐயா" என்று தலைகுனிந்து கூறியவர். நெய்தல் திணையைப் பாடம் நடத்திய அன்று வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயர் வந்தது. எந்தக் காற்றில் கடலுக்குப் போகலாம், எந்தக் காற்றில் வலையைக் கரையில் உலர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று தம் வாப்பா சொன்னவற்றை அம்மாணவர் எழுந்து விளக்கினார். வகுப்பு முழுவதும் வாய் திறவாது கேட்டது. அதன்பின் அவர் தலைகுனிந்து பேசியதை நான் கண்டதில்லை. படித்தவர் இல்லாத வீடு என்பது வேறு. அறிவில்லாத வீடு என்பது வேறு.

கரையேறிய பின் செய்த கடமை

நான்சென் துருவ வீரராக மட்டும் வாழ்ந்து மறைந்திருந்தால் அவர் புகழ் பாதியே. 1921இல் உலக நாடுகள் சங்கம் அவரை அகதிகளுக்கான உயர் ஆணையராக அமர்த்தியது. போராலும் புரட்சியாலும் நாடிழந்து, கையில் ஒரு தாளும் இன்றி எல்லைகளில் தவித்தோர்க்கு 1922இல் அவர் முயற்சியால் ஓர் அடையாளச் சான்று உருவாயிற்று. 'நான்சென் கடவுச்சீட்டு' என்று அது பெயர் பெற்றது. முதலில் ரஷ்ய அகதிகளுக்கும், பின்னர் ஆர்மீனியர் முதலியோர்க்கும் வழங்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றன. 1922ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. நாற்புறமும் நெருக்கப்படுவது எத்தகையது என்பதைப் பனியில் அறிந்த ஒருவர், நாற்புறமும் நெருக்கப்பட்ட மாந்தர்க்கு வழி திறந்தார் என்றே இதனை நான் கொள்கிறேன்.

இன்னுமொரு செய்தி. புகழ்பெற்ற இக்கப்பலும் பயணங்கள் முடிந்தபின் பல்லாண்டுகள் கேட்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. அதனைக் காக்க வேண்டும் என்று முதுமையிலும் ஓயாது உழைத்தவர் பழைய தலைவர் ஸ்வெர்ட்ரூப். அவரும் நான்செனும் 1930ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1936இல். தாம் காண இயலாத நாளுக்காக உழைத்தவரின் உழைப்பால், தொலைதூரத் தமிழ்ப் பிள்ளை ஒருவன் அக்கப்பலைத் தொட்டுப் பார்க்கிறான்.

கேள்விக்கு ஒரு விடை

தங்கைக்கு நான் கூறியது இதுவே: "அம்மா, பிள்ளையைச் சுற்றியுள்ள மொழியைப் பகையாக எண்ணிச் சுவர் எழுப்பாதே, நேராக நிற்கும் சுவரைத்தான் பனி நொறுக்கும். அவன் அம்மொழியில் சிறந்து விளங்கட்டும். அதுவே அவனை உயர்த்தும். ஆனால் கப்பலின் உள்ளே ஒரு பொதுக்கூடம் இருந்ததே, அதனை மறவாதே. இரவுதோறும் அரைமணி நேரம் தமிழில் ஒரு கதை. தொழுகைக்குப் பின் குடும்பத்தோடு சிறிது உரையாடல். விளக்கு உள்ளே எரியுமானால் வெளியே எவ்வளவு இருள் சூழ்ந்தாலும் பயணம் தொடரும்." அவள் உடனே தெளிந்துவிட்டாள் என்று கூற மாட்டேன். ஆனால் அன்றிரவே பரணிலிருந்த தமிழ்க் கதைநூல்களை இறக்கி வைத்தாள்.

மாணவ மணிகளே! உங்களை நெருக்கும் பனியும் பலவகை. ஆங்கிலத்தின் நெருக்கம், வேலைவாய்ப்பின் நெருக்கம், தமிழ் படித்து என்ன பயன் என்று கேட்போரின் நெருக்கம். அவற்றை வசைபாடிப் பயனில்லை; அவற்றுக்கு அஞ்சி நம்மை இழப்பதும் தகாது. ஆங்கிலத்தையும் கணிப்பொறியையும் கற்று மேலெழுங்கள். தாய்மொழியைச் சுக்கானைப் போல் உள்ளே பாதுகாத்து வையுங்கள். வேண்டும் பொழுதில் அதுவே திசை காட்டும்.

சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் கடற்கரை ஊர்களில் மரக்கலம் கட்டியோர், ஓட்டியோர் ஆகியோரின் நினைவுகளும், அவர்கள் நாவில் வழங்கிய சொற்களும் முதியோரோடு மறைந்து வருகின்றன. கப்பலைக் காக்க இயலாவிடினும் சொற்களையேனும் காப்போம். உங்கள் இல்லத்து முதியவரிடம் எங்கள் மாணவர் குறிப்பேட்டோடு வருவார்கள். அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதை ஈந்தருளுங்கள்.

நெருக்கடியில் நொறுங்காமல் உயரும் வடிவத்தை நம் பிள்ளைகளுக்கு வல்ல இறைவன் வழங்குவானாக. ஆமீன்.